பைண்டு செய்த தொடர்கதைகள்

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை, பல வீடுகளில் புத்தகக் கடைக்குப் போகாமலே புத்தகமானது. பக்கங்களைக் கிழியாமல் பிரித்தெடுத்து, வரிசை பிசகாமல் அடுக்கி, தொடர் முடிந்ததும் பைண்டரிடம் கொடுப்பார்கள். அவர் ஊசி நூலால் தைத்து, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்த பசையால் அட்டை ஒட்டி, முதுகுக்குக் காலிகோ துணி போட்டுத் தருவார்.

இந்தத் தொகுப்புகளைப் படிப்பது தனி இன்பம். மணியம் வரைந்த ஓவியங்கள் அந்தந்த அத்தியாயத்தோடு அப்படியே இருக்கும். பக்கத்தைப் புரட்டினால் ஒரு பழைய விளம்பரம், ஒரு துணுக்கு, வேறொரு கதையின் பாதி. கதையோடு அது வெளிவந்த காலத்தையும் சேர்த்தே வாசிக்கிறோம்.

இப்படிச் சேர்த்து வைப்பது வீட்டோடு நின்றுவிடுவதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக வளர்ந்து நிற்கின்றன. தனி ஒரு வாசகரின் ஆசை ஊருக்கே சொத்தாகும் என்பதற்கு அதுவே சான்று. உங்கள் வீட்டுப் பரணில் பைண்டு செய்த தொடர்கதை இருந்தால் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். முதலில் படியுங்கள், வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள்.