உளி படாத சுவர்

அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சனின் மேதைமைக்குச் சான்று கேட்போர் வழக்கமாகப் பாஸ்டனின் டிரினிட்டி தேவாலயத்துக்கே அனுப்பப்படுகின்றனர். ஆனால் அங்கு வண்ணமும் சிற்பமும் கோபுரமும் அவருக்குத் துணைநிற்கின்றன. கல்லை மட்டுமே நம்பி அவர் நிகழ்த்தியதைக் காண விழைவோர், அதே மாசச்சூசெட்ஸ் மாநிலத்து நார்த் ஈஸ்டனில், பிரெடரிக் லோத்ராப் ஏம்ஸின் லாங்வாட்டர் வளமனைக்காக 1880–81இல் எழுந்த வாயில் மனையை, அதாவது வளமனைக்குள் நுழையும் பாதையின் முகப்பில் குடியிருப்பாகவும் அமைந்த கட்டடத்தை, நாடுவதே தகும்.

மண்வெட்டி உற்பத்தியில் செழித்த குடும்பத்தில் பிறந்த ஏம்ஸ் ஆர்க்கிட் மலர்களில் பெரும் பற்றுடையவர் என்பதால், பாதையின் ஒருபுறத்துத் தாழ்ந்த நீள்சிறகு செடிகளைக் குளிர்காலத்தில் காக்கும் கூடமாயிற்று. மறுபுறம் உயர்ந்த ஈரடுக்குப் பகுதியில் தோட்டக்காரர் கீழேயும் மணமாகாத விருந்தினர் மேலேயும் தங்கினர். இவ்விரண்டையும் இணைப்பது பாதையின் குறுக்கே பாயும் ஒரே வளைவாகும்.

சுவரில் உள்ளவை பனியாறுகள், அதாவது நகரும் பனித்திரள்கள், முற்காலத்தில் உருட்டி விட்டுச்சென்ற பாறாங்கற்கள். உருண்ட கல்லுக்கு விளிம்பு இல்லை. விளிம்பின்றிச் சன்னலோ வளைவோ அமையாது. ஆகவே விளிம்பு தேவைப்பட்ட இடங்களில் லாங்மெடோ எனும் ஊரின் செம்பழுப்பு மணற்கல்லைச் செதுக்கி அமைத்த ரிச்சர்ட்சன், ஏனைய பரப்பைப் பாறைகளின் இயல்புக்கே விட்டார். வளைவின் பிறப்பிடமும், அதாவது நேர்ச்சுவர் முடிந்து வளைகோடு தொடங்கும் நிலையும், தரைக்கு மிக அருகில் உள்ளது. வளைவு தன் இருபுறமும் வெளிநோக்கித் தள்ளும் விசையைப் பருத்த சுவரின் அடிப்பகுதியே தாங்கிவிடுவதால் உயர்ந்த தூண்களுக்கு அங்கு வேலையில்லை. தாங்கும் திறன் கண்ணுக்கே புலனாகிறது.

வாயிலின் இருபுறமும் ஒத்த இரு சிறு மனைகளை நிறுத்தும் செவ்வியல் மரபில் தோய்ந்தோர்க்கு இது ஒழுங்கற்ற கற்குவியலாகத் தோன்றக்கூடும். எனினும் இரட்டை மனைகள் கதவு மூடியிருக்கும்போதே முழுமை பெறுகின்றன. இங்கோ திறந்த வழியே கட்டடத்தின் நடுவாகிறது. பாறைகளின் பெருமை அனைத்தையும் நிலக்காட்சி வடிவமைப்பாளர் பிரெடரிக் லா ஓம்ஸ்டெடுக்கே உரித்தாக்குவோரும் உளர். அவருக்கும் ரிச்சர்ட்சனுக்கும் இடையிலான நட்பும் கூட்டுப்பணியும் உண்மையே. ஆயினும் அதே ஊரில் ஓம்ஸ்டெட் அமைத்த ராக்கரி எனும் பாறைக்குன்று குன்றாகவே நிற்க, இங்கு அத்தகைய பாறைகள் சன்னலுக்கும் கூரைக்கும் கட்டுப்பட்டுச் சுவராயின. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே கட்டடக்கலை.

1886இல் ரிச்சர்ட்சன் மறைந்தபின் அவர் வழிவந்தோருள் பலர் வளைவை எடுத்துக்கொண்டு சுவரைக் கைவிட்டனர். தடித்த சுவரின் துணையின்றி அகன்ற வளைவு வெறும் முகப்பணியாயிற்று. இன்றைய வளமனை வாயில்களிலோ கான்கிரீட்டின் மேல் மெல்லிய கற்பலகைகள் ஓடுபோல் ஒட்டப்பட, எடையே சுமக்காத கல் வலிமையை நடிக்கிறது. இதைக் கைவினைஞரின் திறன் குறைந்ததன் விளைவு என்பது முழு உண்மையன்று; கல்லிடம் வேலை கேட்பதையே கட்டுவிப்போர் நிறுத்திவிட்டனர்.