முன்னுக்கு அடிக்காத பிள்ளை

சுற்றுப்போட்டிக்குப் போவதா வேண்டாமா என்று ஓர் அணி யோசிக்கையில் காசு, விடுமுறை, மழை என்று ஆயிரம் காரணம் வரும். குரோருட்டாலன் பக்கத்துப் பதினைந்து வயதுப் பெண்கள் அணி ஒன்றின் பெற்றோருக்கு இம்முறை கிடைத்திருக்கும் காரணம் ஒரு பிள்ளையின் பாஸ். நடுக்களத்தில் ஆறாம் இலக்கத்தில் நிற்கும் அந்தப் பிள்ளை, பந்து காலுக்கு வந்ததும் கோல் காப்பாளருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். "இந்த விளையாட்டோடை நோர்வே கப்புக்குப் போனால் அங்கை வைச்சு மானம்தான் போகும், இந்த வருசம் விடுவம்" என்பது கூட்டத்தில் வலுத்துவரும் கட்சி. நான் எதிர்க்கட்சி. அந்தப் பாஸை வைத்திருக்கும் அணிதான் எக்கெபெர்க் சமவெளிக்குக் கட்டாயம் போகவேண்டிய அணி.

சமவெளியைப் பற்றி ஒஸ்லோ வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அங்கு நடக்கும் நோர்வே கப், பெக்கலாகெட் விளையாட்டுக் கழகம் 1972இல் தொடங்கிய போட்டி, இன்று உலகின் மிகப்பெரிய இளையோர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளில் ஒன்று. சில ஆண்டுகளில் 2000 அணிகளைத் தாண்டியிருக்கிறது. நோர்வே உதைபந்தாட்டச் சங்கம் பெண்கள் ஆட்டத்தை முறைப்படி ஏற்றது 1976இல். அதற்கு முன்பே, முதலாவது ஆண்டிலேயே, பெண் பிள்ளைகளை இறக்கிய மைதானம் இது. விதியை மேலிடம் எழுதும்வரை காத்திருக்காத இடம் என்பதாலோ என்னவோ, எனக்கு அந்தப் புல்மேல் ஒரு பக்கச்சார்பு உண்டு. அதையும் சேர்த்தே இதை வாசியுங்கள்.

இனி அந்தப் பாஸ். பந்து வலது பின்களத்தில் இருக்கிறது, எதிரணி முன்கள ஆட்டக்காரி பாய்ந்து வருகிறாள். ஆறாம் இலக்கம் பந்தைக் கேட்பதற்கு முன்பே இரண்டு தோளுக்கு மேலாலும் ஒருமுறை பார்த்துவிடுகிறாள். பந்து வருகிறது, அதை அவள் நிறுத்துவதில்லை. பாதத்தின் உட்பக்கத்தால், முதல் தொடுகையிலேயே, காப்பாளருக்குத் தள்ளுகிறாள். கோல் கம்பங்களுக்கு நேராக அல்ல, ஓரமாக. காப்பாளர் தவறவிட்டாலும் பந்து கோணர் உதைக்குத்தான் போகும், வலைக்குள் போகாது. தள்ளிவிட்டு நிற்பதுமில்லை. நாலைந்து அடி பக்கவாட்டில் நகர்ந்துகொள்கிறாள். முன்கள ஆட்டக்காரி இரை கிடைத்தது என்று காப்பாளரை நோக்கி ஓட, அவளுக்குப் பின்னால் நின்ற பத்தாம் இலக்கமும் இழுபட்டு வருகிறாள். நடுவில் ஒரு வெளி திறக்கிறது. காப்பாளர் இடது பின்களத்துக்குக் கொடுக்க, அங்கிருந்து பந்து மறுபடி ஆறாம் இலக்கத்துக்கு வருகிறது. இந்த முறை அவள் முகம் எதிரணிக் கோலைப் பார்த்திருக்கிறது, முன்னால் இரண்டு பேர் குறைவு.

எல்லைக்கோட்டில் நிற்கும் நாங்கள் முதல் பாஸுக்கே "முன்னுக்கு அடியம்மா! ஏன் பின்னுக்குக் குடுக்கிறாய்?" என்று கத்தி முடித்து, அலுத்துப்போய்க் கோப்பிக் குவளைக்குக் குனிகிறோம். மூன்றாவது பாஸ் நடப்பது அப்போதுதான்.

கத்துபவர்களைக் குறை சொல்வதற்கில்லை, அவர்கள் கற்ற ஆட்டம் அப்படி. ஊரில் எண்பதுகளில் பந்தடித்துவிட்டு இங்கு வந்தவர்களுக்குப் பின்பாஸ் என்றால் ஒரே பொருள்தான்: வெல்கிற அணி நேரத்தைக் கொல்கிறது. காப்பாளர் குனிந்து கையால் அள்ளுவார், நிலத்தில் நாலு தரம் தட்டுவார், இன்னொருவருக்கு உருட்டித் திரும்ப வாங்குவார். 1990 உலகக் கோப்பையை முழுதாகப் பார்த்தவர்களுக்கு அந்தச் சலிப்பு இன்னும் நாக்கில் இருக்கும். 1992இல் சட்டம் மாறியது, சக ஆட்டக்காரர் காலால் வேண்டுமென்றே கொடுத்த பந்தைக் காப்பாளர் கையால் தொட முடியாது. அன்றைக்கே பின்பாஸ் கோழையின் புகலிடமாக இருப்பது நின்றுவிட்டது. அது சூதாட்டமாகிவிட்டது. காலால் ஆடத்தெரியாத காப்பாளருக்கு அதைக் கொடுப்பவள் தன் அணியின் கழுத்தில் கத்தி வைக்கிறாள். கொடுக்கத் துணிபவளைப் பயந்தாங்கொள்ளி என்பது எந்த ஊர்க் கணக்கோ.

உள்ளூர்ப் பழைய பயிற்றுநர்களுக்கும் இதில் பங்குண்டு. தொண்ணூறுகளில் இந்த நாட்டின் ஆட்டமே நெடும்பந்தையும் உயரமான தலைகளையும் இரண்டாவது பந்துக்கான ஓட்டத்தையும் நம்பியது. அது வென்றுகொடுத்த ஆட்டங்களை நேரில் கண்டவர்களிடம் போய் இடைவெளி, கோணம் என்றால் சிரிப்பார்கள்.

பிள்ளைகள் வேறு விதியில் வளர்ந்தவர்கள். ஐவர், எழுவர் அணி ஆட்டங்களில் காப்பாளரிடம் பந்து இருந்தால் எதிரணி பின்வாங்கிக் கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும் என்று சங்கமே வைத்திருக்கிறது, பின்னாலிருந்து ஆட்டத்தைக் கட்டச் சிறுவயதிலேயே பழகட்டும் என்றுதான். பன்னிரண்டு வயதுவரை புள்ளி அட்டவணையும் கிடையாது. 2019இலிருந்து கோல் உதையைத் தண்டப் பரப்புக்குள்ளேயே வாங்கலாம். நாங்கள் வைத்த பாடசாலையில் படித்துவிட்டு வந்த பிள்ளையிடம், ஏன் அந்தப் பாடத்தை ஒப்புவிக்கிறாய் என்று சண்டைக்கு நிற்கிறோம்.

போகவேண்டாம் என்பவர்களிடம் உருப்படியான வாதம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் அவர்கள் சரியாகச் சொல்வதில்லை. வாதம் புல்லைப் பற்றியது. ஒஸ்லோப் பிள்ளைகள் ஆண்டு முழுக்கச் செயற்கைப் புல்லில் ஆடுகிறார்கள். குளிர்காலத்தில் பனியை வழித்துத் தள்ளிவிட்டு அதே பச்சைக் கம்பளத்தில்தான் பயிற்சி. அங்கே பந்து சொன்ன சொல் கேட்கும், கணக்குப் போட்ட வேகத்தில் போய்ச் சேரும். எக்கெபெர்க் இயற்கைப் புல்வெளி. முதல் நாள் பச்சையாகத்தான் இருக்கும், ஒரே கட்டத்தில் நாளெல்லாம் ஆட்டம் நடந்தால் கோல் வாய் இரண்டும் மண்ணாகிவிடும். இரவு மழை பெய்தால் காலையில் பந்து பாதி வழியில் நின்றுவிடும். செயற்கைப் புல்லுக்கு அளவெடுத்த பின்பாஸை அங்கே தள்ளினால் காப்பாளருக்கு நாலு மீற்றர் முன்னால் மூச்சை விட்டுவிடும், பாய்ந்து வருபவள் எடுத்துக்கொள்வாள். ஆட்டத்தின் பாதிகளும் பருவகால ஆட்டங்களைவிடக் குறுகியவை, ஒரு கோல் வாங்கினால் மீள நேரம் போதாது. பக்கத்துக் கட்டத்து மத்தியஸ்தரின் விசில் வேறு காதுக்குள் ஊதும். ஆகவே தூக்கி அடி, தூரத்தில் விழட்டும் என்கிறார்கள்.

பூல் ஆடும் நண்பர்களிடம் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் ஓக்ஸ் என்ற ஊரில், வசந்த காலத்தில் பெரிய பில்லியர்ட்ஸ் கண்காட்சி ஒன்று நடக்கும். கியூக் கோல் செய்பவர்களின் கடைகள் ஒருபுறம், அமெச்சூர் ஆட்டக்காரர்கள் குவியும் சுற்றுப்போட்டி மறுபுறம். போவதா என்று யோசிப்பவர்களில், பந்தைக் குழிக்குள் போடாமல் வெள்ளைப் பந்தை ஒளித்துவைத்து எதிராளியைத் திணறடிக்கும் வகையினரைத்தான் நண்பர்கள் முதலில் தடுப்பார்கள். புதுத் துணி விரித்த மேசையில் பந்து வழுக்கும், உன் அளவெல்லாம் பிழைக்கும் என்பார்கள். மேசை மாறினால் முதலில் பிழைப்பது அளவு என்பது மெய்தான். ஆனால் அளவு ஒரு நாளில் திரும்பிவிடும். எப்போது ஒளிக்க வேண்டும், எப்போது அடிக்க வேண்டும் என்ற தீர்ப்பு மேசையைப் பொறுத்ததல்ல. அது முன்பின் தெரியாதவர்களோடு ஆடினால்தான் கூர்மையாகும்.

எங்கள் ஆறாம் இலக்கத்தின் நிலையும் அதுவே. ஒஸ்லோத் தொடர் ஆட்டங்களில் அவளை எல்லா அணிக்கும் தெரியும். யார் பாய்வார்கள், யார் பாயமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். நோர்வே கப்பில் காலையில் வட நோர்வேக் கிராமத்து அணி வரும், மாலையில் வேறு கண்டத்து அணி வரும். ஒரு வாரத்தில் இத்தனை விதமான எதிரிகளை வீட்டுக்குப் பக்கத்தில் வேறு எங்கே வாங்க முடியும்? யேர்ன்பானெதோர்கெயில் சுரங்க இரயிலிலிருந்து லியாப்ரு டிராமுக்கு மாறி, ஸ்போர்ட்ஸ்பிளாசனில் இறங்கினால் மைதானம். வெளியூர் அணிகள் பாடசாலை வகுப்பறைகளில் மெத்தை விரித்து உறங்குகையில் எங்கள் பிள்ளைகள் வீட்டில் சோறு தின்றுவிட்டுப் போகிறார்கள்.

காசுக் கதையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. டுக்னாட் என்ற கூட்டுப்பணியில் எல்லாரும் தலைக்கு இத்தனை கழிப்பறைக் கடதாசிக் கட்டு விற்றாயிற்று, மிச்சத்துக்கு வாஃபல் சுட்டாயிற்று. விடுமுறைக் கதை அப்படியல்ல, அது பாரமானது. நல்லூர்க் கொடி சில ஆண்டுகளில் யூலைக் கடைசியிலேயே ஏறிவிடும், அம்மம்மாவுக்கு வயது போகிறது, விமான ரிக்கற் தை மாதமே எடுத்தாயிற்று. அந்தக் காரணத்தோடு ஒரு குடும்பம் வராமல் விட்டால் நான் வாய் திறக்கமாட்டேன். நல்லூருக்குப் போகிறவர்கள் நல்லூருக்குப் போகிறோம் என்று சொல்லட்டும், பழியை ஒரு பிள்ளையின் காலில் போடவேண்டாம்.

போனால் என்ன நடக்கும்? சொல்கிறேன், எழுதி வையுங்கள்.

முதல் ஆட்டம் தோல்வி. முதல் பத்து நிமிடத்துக்குள் நான் சொன்ன அதே பின்பாஸ் புல்லில் செத்து நிற்கும், கோல் விழும், எல்லைக்கோட்டில் "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்" என்ற முகங்கள் திரும்பும். பயிற்றுநர் அந்த இடத்தில் அவளை வெளியே எடுக்காமல் இருக்க வேண்டும், இந்த வாரத்தின் ஒரேயொரு பெரிய முடிவு அதுதான். எடுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் ஆட்டத்தில் அவள் அதே பாஸை ஒரு மடங்கு பலமாகத் தள்ளுவாள். காப்பாளர் ஓரடி முன்னால் நின்று வாங்கப் பழகியிருப்பாள். அந்த ஆட்டம் சமநிலை. மூன்றாவதில் வெற்றி, ஆனால் குழுவில் முன்னுக்கு வரப் போதாது. ஏ பிரிவு கைநழுவி, பி பிரிவு வெளியேற்றச் சுற்றுக்குப் போவார்கள். அதற்குக் கவலைப்படுபவர்களோடு நான் இல்லை. ஏ பிரிவில் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்கு வருவதைவிட பி பிரிவில் மூன்று ஆட்டம் ஆடுவது இந்த அணிக்கு எத்தனையோ மேல்.

புதன் தாண்டியதும் பாருங்கள். நெடும்பந்து அணிகளுக்கு அதற்குள் கால் கனத்திருக்கும். வாரம் முழுக்கத் தூக்கி அடித்து, அடித்ததைத் துரத்திய பிள்ளைகள் அவர்கள். பின்னாலும் பக்கவாட்டிலும் பந்தைச் சுற்றவிட்டு எதிரியை ஓடவைத்த அணிக்குத்தான் கடைசி ஐந்து நிமிடத்தில் மூச்சு மிச்சம் இருக்கும். முதல் வெளியேற்ற ஆட்டத்தில் அவர்கள் பிந்திய நேரத்தில் கோல் போடுவார்கள். அது காப்பாளர் தொட்ட பந்திலிருந்து தொடங்கியிருக்கும். யாரும் அதைக் கவனிக்கமாட்டார்கள், கோல் போட்ட பிள்ளையைத்தான் தூக்குவார்கள்.

எனக்குப் பயம் அதற்கடுத்த ஆட்டத்தில். நாலு ஆட்டம் பார்த்த எதிரணிப் பயிற்றுநர் ஒருவராவது சூட்சுமத்தைப் பிடித்துவிடுவார். முன்கள ஆட்டக்காரியைப் பாயவேண்டாம், நடுக்கோட்டிலேயே நில் என்பார். அவளுடைய ஆட்டம் முழுவதும் எதிரியின் பாய்ச்சலில் தங்கியிருக்கிறது. எவரும் பாயாவிட்டால் பின்பாஸால் எந்த வெளியும் திறக்காது, பந்து காப்பாளருக்கும் அவளுக்கும் இடையில் ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவள் பந்தைக் காலில் வைத்துத் தானே நடந்து நடுக்கோட்டைத் தாண்டி, எவராவது வந்து மறிக்கும்வரை போகவேண்டும். அதை அவள் செய்து நான் இதுவரை பார்க்கவில்லை. பயிற்சியிலும் செய்வதாகத் தெரியவில்லை. கத்துகிறவர்கள் கத்துவதற்குச் சரியான தருணம் ஒன்று உண்டென்றால் அதுதான், அப்போது நானும் சேர்ந்து கத்துவேன்.

பி பிரிவுக் காலிறுதியில், எதிரணி பாயாமல் நிற்க, ஒரு கோணர் உதையில் வாங்கும் கோலோடு வெளியேறுவார்கள் என்பது என் கணிப்பு. ஓகஸ்ட்டில் தொடர் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கும்போது அவள் பந்தோடு நடக்கத் தொடங்கியிருப்பாள். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்துப் பதினைந்து வயது அணிகளுக்கு இலையுதிர் காலம் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும்.