செத்த மீனின் கணக்கு

பூச்சிமருந்து, சாயம், பெயின்டில் கலக்கும் வேதிப்பொருள் என எது புதிதாக வந்தாலும், அது ஆற்று மீனை எவ்வளவு சீக்கிரம் கொல்லும் என்று பார்ப்பதற்கு உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே முறைதான் இருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி. 1981-இல் வகுத்த 203-ஆம் எண் வழிகாட்டி அது. 1992-இலும் 2019-இலும் திருத்தப்பட்டது, ஆனால் அடிப்படை மாறவில்லை. வேதிப்பொருளை ஐந்து அளவுகளில் கரைத்து ஐந்து தொட்டிகள், எதுவும் கலக்காத தொட்டி ஒன்று. தொட்டிக்குக் குறைந்தது 7 மீன்கள். 96 மணி நேரம் தீனி கிடையாது. 24, 48, 72, 96 என்று மணிக்கணக்கில் செத்தவற்றை எண்ணுகிறார்கள். செவுள் அசையவில்லை, வாலின் அடிப்பகுதியைத் தொட்டாலும் துடிப்பில்லை என்றால் மீன் செத்ததாகக் கணக்கு.

முடிவில் கிடைப்பது ஓர் எண்: மீன்களில் பாதி சாகும் அளவு. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து இதை எல்.சி.50 என்பார்கள். 1927-இல் டிரெவன் என்ற ஆங்கிலேயர் மருந்துகளின் வீரியத்தை ஒப்பிடுவதற்காக சோதனை விலங்குகளில் பாதி சாகும் அளவைக் கண்டுபிடிக்கும் முறையை முன்வைத்தார். மீனுக்கான இந்தக் கணக்கும் அந்த வழியில் வந்ததுதான்.

எண் எப்படி வருகிறது என்பதைக் கற்பனையாக ஒரு சோதனையை வைத்துப் பார்க்கலாம். தொட்டிகளில் லிட்டருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம். நான்காம் நாள் முடிவில் முறையே 0, 1, 3, 6, 7 மீன்கள் செத்திருக்கின்றன. கணக்குப் போட்டால் பாதி சாகும் அளவு சுமார் 4.2 மில்லிகிராம். புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் வந்துவிட்டதால் துல்லியமாகத் தெரிகிறது. ஆனால் தொட்டியில் இருப்பது 7 மீன். ஒரே ஒரு மீன் சற்று வலுவாக இருந்து பிழைத்துக்கொண்டாலும் அந்தத் தொட்டியின் கணக்கில் 14 விழுக்காடு மாறிவிடும். அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் பிழை வரம்பைக் குறிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அறிக்கையிலிருந்து அட்டவணைக்கும், அட்டவணையிலிருந்து வேதிப்பொருளோடு வரும் பாதுகாப்புத் தாளுக்கும் போகும்போது 4.2 மட்டும்தான் போகிறது.

இத்தனை முரட்டுத்தனமான ஒரு சோதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்திருப்பது சும்மா இல்லை. பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகளை எடுத்துக்கொள்ளலாம். சாமந்தி இனத்துப் பூ ஒன்றின் சாற்றைப் பார்த்துச் செயற்கையாகச் செய்த இவற்றை நம் வீட்டுக் கொசுவிரட்டியிலிருந்து பருத்திக் காடு வரை எல்லா இடத்திலும் பயன்படுத்துகிறோம். பாலூட்டிகளின் ஈரல் இவற்றைச் சீக்கிரம் உடைத்துவிடுகிறது, மீனின் உடலால் அது முடிவதில்லை. சைபர்மெத்ரின் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே பல மீன் இனங்கள் தாங்காது. எலிகளை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இந்த ஆபத்து யாருக்கும் தெரிந்திருக்காது. தெளிப்பானைக் குளத்தில் கழுவாதே என்று மருந்துப் புட்டியில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கைக்குப் பின்னால் இப்படிச் செத்த மீன்கள்தான் இருக்கின்றன.

திடீர் விபத்துகளிலும் இதன் பயன் தெளிவாகத் தெரியும். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனக் கிடங்கு தீப்பிடித்தது. அணைக்க அடித்த தண்ணீர் பூச்சிமருந்துகளை அள்ளிக்கொண்டு ரைன் ஆற்றில் விழுந்தது. செத்த விலாங்குகள் மட்டும் ஒன்றரை லட்சம் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் எந்தப் பொருள் முதல் எதிரி, எத்தனை மடங்கு நீர்த்தால் மீன் பிழைக்கும் என்பதற்கு நான்கு நாள் எண்ணைவிட வேகமான பதில் கிடையாது. பொருள்களை வரிசைப்படுத்துவதற்கும் அது போதும். உலகப் பொதுவான அபாயக் குறியீட்டு முறையில் லிட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ இருந்து கொன்றால் முதல் வகை, 10 வரை இரண்டாவது, 100 வரை மூன்றாவது. சல்லடை என்ற அளவில் நல்ல சல்லடை.

சிக்கல் தண்ணீரில் தொடங்குகிறது. வழிகாட்டி 6-இலிருந்து 8.5 வரை பி.எச். உள்ள நீரை ஏற்றுக்கொள்கிறது. கேட்பதற்குச் சிறிய இடைவெளி. அம்மோனியாவுக்கு அது பெரிய பள்ளம். மீனைக் கொல்வது பெரும்பாலும் அயனியாகாத அம்மோனியாதான். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் அந்த வடிவத்தின் பங்கு அரை விழுக்காட்டைச் சற்றே தாண்டும். பி.எச். 8 ஆனால் அதுவே 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். 6-க்கும் 8.5-க்கும் இடையே வித்தியாசம் நூறு மடங்குக்கும் மேல். மீன் பண்ணைக்காரர்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. பாசி பச்சென்று கட்டிய குளத்தில் பிற்பகல் பி.எச். ஏறும்போது காலையில் தாங்கிய அம்மோனியாவையே மீன் தாங்காமல் மேலே வந்து வாய் பிளக்கும். செம்பின் கதையும் இப்படித்தான். கடின நீரில் கால்சியம் செவுளில் இடம் பிடித்துக்கொள்வதால் செம்புக்கு வழி குறைகிறது. மென்னீரில் அதே அளவு செம்பு மீனைச் சாய்த்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007-இல் செம்புக்கான வரம்பைத் தண்ணீரின் தன்மையோடு சேர்த்துக் கணக்கிடும் முறைக்கு மாற்றியதற்குக் காரணம் இதுதான். தண்ணீரின் விவரம் இல்லாமல் அச்சான எண் பாதி எண்கூட இல்லை.

தொட்டியில் போட்டது எல்லாம் தண்ணீரில் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. எண்ணெய்ப் பற்றுள்ள பொருள்கள் கண்ணாடியில் ஒட்டும், ரப்பர் குழாயில் ஊறும், சில ஆவியாகும். அதனால்தான் சோதனை நெடுக அளவு குறைந்தது 80 விழுக்காடு நிலைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அளந்து கண்ட அளவை வைத்தே கணக்குப் போட வேண்டும் என்கிறது வழிகாட்டி. நம் கல்லூரி ஆய்வேடுகளில் அடிக்கடி காணக்கிடைக்கும் சோதனை வேறு மாதிரி: பண்ணையிலிருந்து வாங்கிய கெண்டைக் குஞ்சு, கடையில் வாங்கிய பூச்சிமருந்துப் புட்டி, தராசில் நிறுத்த அளவு. நீரில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று யாரும் அளப்பதில்லை. புட்டியில் மருந்தோடு இருக்கும் கரைப்பானும் சோப்பும் மீனைக் கொன்றிருக்கலாம் என்ற யோசனையும் இல்லை. இப்படிக் கிடைத்த எண்களைக் கூட்டிக்கொண்டே போவதால் எந்த ஆற்றுக்கும் லாபமில்லை.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, எந்த மீன் என்பது. பரவலாகப் பயன்படுவது வரிக்குதிரை மீன். கங்கைச் சமவெளியின் ஓடைகளில் திரியும் இந்த விரலளவுக்கும் குறைந்த மீனை 1822-இல் ஹாமில்டன் விவரித்து எழுதினார். இன்று அது உலகத்தின் ஆய்வுக்கூடங்களில் எல்லாம் நீந்துகிறது. மலிவு, வேகமாகப் பெருகும், பிடிவாதமாகப் பிழைக்கும். இந்தக் கடைசிக் குணம் சோதனைக்கு நல்லதா என்பது வேறு விஷயம்.

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நடந்தது இதற்குச் சரியான சாட்சி. முட்டையிட ஆறேறி வரும் கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்த பிறகு நகர ஓடைகளில் கூட்டமாகச் செத்தன. சாவதற்குமுன் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவித்தன, வட்டமடித்தன, பக்கவாட்டில் சாய்ந்தன. வயிற்றில் முட்டை அப்படியே இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுக்கணக்காகத் தேடியலைந்து 2020 டிசம்பரில் குற்றவாளியை அறிவித்தார்கள். டயரின் ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து உருவாகும் குவினோன். தூய மாதிரி கிடைத்த பிறகு 2022-இல் கணக்கைத் திருத்தினார்கள். பாதிக் கோஹோவைக் கொல்ல லிட்டருக்கு சுமார் 95 நானோகிராம் போதும். முதலில் சொன்னதைவிட எட்டு மடங்குக்கும் மேல் குறைவு.

ஆனால் அதே பொருள் கோஹோவின் நெருங்கிய உறவான சம் சால்மனை ஒன்றும் செய்யவில்லை. வரிக்குதிரை மீனும் ஜப்பானிய மெடாக்காவும் அதைப் பொருட்படுத்தவில்லை. ரெயின்போ டிரவுட்டுக்கு ஆபத்துதான், ஆனால் கோஹோ அளவுக்கு இல்லை. நான்கு நாள் போதவில்லை என்று இங்கே குறை சொல்ல முடியாது. கோஹோ சில மணி நேரத்தில் செத்தது. தவறான மீனை வைத்து நான்கு நாளோ நாற்பது நாளோ காத்திருந்தாலும் பதில் வந்திருக்காது. மேலும், சோதனைக்கூடத்துக்குப் போவது தொழிற்சாலை தயாரிக்கும் பொருள். சாலையும் வெயிலும் காற்றும் சேர்ந்து அதை என்னவாக மாற்றும் என்பதைத் தொட்டிக்குக் கேட்கத் தெரியாது. குற்றவாளியைத் தேட வைத்தது ஓடைக்கரையில் நின்று, மீன் எப்படிச் சாகிறது என்று பார்த்தவர்களின் குறிப்பேடு.

சாவை மட்டும் எண்ணினால் தப்பிப்போகும் ஆபத்தும் உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் சோதனைக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. அவற்றில் 260-ஆம் எண் ஏரியில் 2001-இலிருந்து 2003 வரை கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்தார்கள். அந்த அளவு நான்கு நாளில் எந்த மீனையும் கொல்லாது. ஆனால் ஆண் மீன்களின் உடலில் பெண் மீனுக்கே உரிய முட்டைக்கருப் புரதம் சுரந்தது, விந்தகத்தில் முட்டை தோன்றியது. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனின் கூட்டம் ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போனது. இப்படித் தப்பிப்போவதற்கு இடம் விட்டு ஐரோப்பிய விதிகள், போதிய தகவல் இல்லாத நிலையில் குறுங்காலச் சோதனைகளின் மிகக் குறைந்த எண்ணை 1000-ஆல் வகுத்துப் பாதுகாப்பு வரம்பு வைக்கின்றன. எச்சரிக்கை உணர்வு பாராட்டத்தக்கது. ஆனால் அந்த ஆயிரம் நம் அறியாமைக்கு ஒதுக்கிய இடம், அளந்து வந்த எண் அல்ல. ஹார்மோன் போல வேலை செய்யும் பொருளுக்கு அதுவும் போதாமல் போகலாம்.

இந்தியச் சட்டத்தில் இந்தச் சோதனைக்கு இன்னொரு வேடம். சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாம் அட்டவணை, நீர்க்காத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பின் 90 விழுக்காடு மீன் பிழைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்த வரியில் எந்த மீன் என்ற பேச்சே இல்லை. நொய்யல் ஆற்றில் திருப்பூர்ச் சாயக் கழிவு இறங்கிய காலத்தை நினைத்துப் பார்த்தால் இதன் எல்லை புரியும். அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய உப்புநீரைப் பாசனத்துக்குத் திறக்க வேண்டாம் என்றவர்கள் அந்த நீருக்காகக் காத்திருந்த விவசாயிகளே. நெற்பயிர் தாங்காத உப்பில் திலாப்பியா நான்கு நாள் சாவகாசமாக நீந்தும். மீன் பிழைத்தது, தண்ணீர் தேர்ச்சி பெற்றது என்று எழுத அதுவே போதும். ஆனாலும் இந்த வரியை எடுத்துவிடச் சொல்வது சரியல்ல. பட்டியலில் பெயர் இல்லாத நச்சு கலந்த கழிவை, என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமலே காட்டிக்கொடுக்கும் விதி அந்த அட்டவணையில் வேறு இல்லை. மீனின் பெயரைச் சேர்த்தால் பாதிக் குறை தீரும்.

மீனையே விட்டுவிட்டு வேறு வழி தேடும் முயற்சியும் நடக்கிறது. ஜெர்மனி 2005-இலிருந்து கழிவுநீர்ச் சோதனைக்கு வளர்ந்த மீனுக்குப் பதிலாக மீன் முட்டையை வைத்துக்கொண்டது. ஓ.இ.சி.டி. 2013-இல் வரிக்குதிரை மீன் கருவை வைத்துச் செய்யும் சோதனையையும், 2021-இல் டிரவுட் மீனின் செவுள் செல்களை மட்டும் வைத்து 24 மணி நேரத்தில் முடியும் சோதனையையும் ஏற்றது. மீனைத் துன்புறுத்தாத வழிகள் என்பதால் இவற்றுக்கு ஆதரவு அதிகம், அது நியாயமும்கூட. ஆனால் முட்டையுறை பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாது. அல்லைல் ஆல்கஹால் போல உடலுக்குள் மாறிய பிறகே நஞ்சாகும் சில பொருள்களைக் கரு சரியாகக் காட்டிக்கொடுப்பதில்லை. செல்லுக்கு நரம்பு மண்டலம் இல்லை, ஆகவே நரம்பைத் தாக்கும் மருந்துகள் அதைக் கடந்து போய்விடலாம். மூச்சுக்குத் தவிப்பதும் வட்டமடிப்பதும் தட்டில் வளரும் செல்லிடம் தெரியாது.

2019 திருத்தம் ஒரு நல்ல காரியம் செய்தது. சாவை மட்டும் எண்ணாமல், நிறம் மாறுவது, சாய்ந்து நீந்துவது, மேல்மட்டத்தில் தவிப்பது போன்ற அறிகுறிகளையும் பதியச் சொல்கிறது. மீளாத நிலைக்குப் போன மீனை மேலும் தவிக்க விடாமல் முடித்துவிடவும் வழி செய்கிறது. ஆனால் வகைப்படுத்தலுக்கான எண் இன்னும் சாவிலிருந்துதான் வருகிறது. பழைய எண்கள் எல்லாம் சாவை வைத்து வந்தவை, 1, 10, 100 என்ற எல்லைகளும் அவற்றோடு பொருந்த வேண்டும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதனால் மீன் சாய்ந்து நீந்திய நேரம் அறிக்கையின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணையாக அச்சாகிறது. பாதுகாப்புத் தாளில் அதற்கென்று ஒரு கட்டம் இன்னும் இல்லை.