தாளே உறை

வான்கடிதம் ஒரே ஒரு நீலத் தாள். எழுதி மடித்து ஒட்டினால் அதுவே உறை. உள்ளே வேறெதையும் வைக்கக் கூடாது. ஜமைக்காவிலிருந்து லண்டனில் குடியேறியவர்களின் கடிதங்களில் எழுத்து நுணுகி ஓரத்திலும் மடிப்பிலும் ஏறிக்கொள்ளும். குளிர், அறை வாடகை, அனுப்பிய பணம் வந்ததா, பாட்டியிடம் விட்டுவந்த பிள்ளை ஒழுங்காகப் படிக்கிறானா என்று இடம் தீரும்வரை பேச்சுத்தான். அவசரப்பட்டுப் பிரித்தால் இரண்டு வரி கிழிந்து போகும்.

இப்படிக் குடியேறியவர்களை ஏற்றிக்கொண்டு 1948 ஜூனில் எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் லண்டனுக்கு அருகிலுள்ள டில்பரிக்கு வந்தது. அப்படி வந்த தலைமுறையின் வருகை அட்டைகளை 2010இல் பிரிட்டிஷ் உள்துறை அழித்தது. பிறகு, இங்கேதான் வாழ்ந்தாய் என்பதற்கு ஆண்டுவாரியாகச் சான்று கேட்டதும் அதே துறைதான்! சம்பளச் சீட்டும் பள்ளி அறிக்கையும் கிடந்த கட்டிலடிப் பெட்டியின் அருமை அப்போது தெரிந்தது.

இத்தகைய தாள்களைப் பாதுகாப்பதில் பெரிய வித்தையில்லை. துருவேறும் குண்டூசியைக் கழற்ற வேண்டும், செல்லோடேப் ஒட்டக் கூடாது, அமிலமில்லாத உறையில் இட வேண்டும். லண்டனின் பிரிக்ஸ்டனில் பிளாக் கல்ச்சுரல் ஆர்கைவ்ஸ் என்ற ஆவணக் காப்பகம் 1981இல் தொடங்கியது இப்படிப்பட்ட தாள்களுக்காகவும்தான்.

எனக்குப் பிரியம் தேதி போடாத கடிதங்கள் மேல். சாதாரணக் கடிதங்களில் உறையை எறிந்தால், தேதியைச் சொல்லும் அஞ்சல் முத்திரையும் போய்விடும். வான்கடிதத்தில் முத்திரை தாளின் முதுகிலேயே இருக்கிறது.