விடையும் ஆறுதலும்: ‘அனில்ஸ் கோஸ்ட்’ நாவலில் மர்மமும் துயரும்

மர்ம நாவல் என்றதும் இலக்கிய மாணவரிடையே ஓர் அலட்சியம் தோன்றுவது வழக்கம். கொலை, தேடல், கண்டுபிடிப்பு என்னும் மூன்று படிகளில் வாசகனின் ஆவலைத் தூண்டிப் பின்னர் அதனைத் தணிப்பதே அவ்வகை நாவலின் தொழில் என்றும், இறந்தவனுக்காக அதில் எவரும் அழுவதில்லை என்றும் கருதப்படுகின்றது. இக்கருத்துப் பெருமளவு உண்மையே. ஆயின், இழப்பும் துயரும் ஒரு நாவலின் பொருளாக அமையும்போது மர்மவடிவம் எத்தகைய மாற்றத்துக்கு உள்ளாகின்றது என்பது ஆராயத்தக்கது. மைக்கல் ஒண்டாச்சி 2000 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘அனில்ஸ் கோஸ்ட்’ என்னும் நாவலை இந்நோக்கில் அணுகுவோம். ஆசிரியர் 1943 இல் கொழும்பிற் பிறந்து, 1954 இல் இங்கிலாந்துக்கும் 1962 இல் கனடாவுக்கும் சென்றவர். நாவலின் களமோ எண்பதுகளின் நடுப்பகுதி முதல் தொண்ணூறுகளின் தொடக்கம் வரையான இலங்கை.

கதைப்பின்னல் துப்பறியும் நாவலுக்குரியது. தடயவியல் மானிடவியலாளரான அனில் திசேரா, பதினைந்து ஆண்டுகளின் பின், சர்வதேச மனித உரிமை அமைப்பொன்றின் சார்பில் நாடு திரும்புகிறாள். தொல்லியலாளர் சரத் தியசேனவுடன் ஏழு வாரங்கள் பணியாற்றவேண்டும். அரசின் பாதுகாப்புக்குட்பட்ட தொல்லியற் பிரதேசத்தில், பழங்காலத்துப் பிக்குகளின் எச்சங்களிடையே, அண்மையில் இறந்த ஒருவனின் எலும்புக்கூடு கிடைக்கின்றது. ‘செய்லர்’ எனப் பெயரிடப்படும் அவன் யார்? அரசின் காவலுக்குட்பட்ட இடத்தில் அவனைப் புதைத்தவர் எவர்? சரத்தை நம்பலாமா? இவ்வினாக்கள் வாசகனை இறுதிவரை இழுத்துச் செல்கின்றன. முதல் வினாவுக்கு விடையும் கிடைக்கின்றது. அவன் ருவான் குமார. சீவற்றொழிலாளியாக இருந்து, பின்னர் காரீயச் சுரங்கத்தில் வேலை செய்தவன்.

மர்ம நாவல் முடியவேண்டிய இடம் இதுவே. ஆனால் இவ்விடை எவரது துயரையும் தீர்ப்பதில்லை. ஆசிரியர் வாசகனின் ஆவலை ஒரு திசையிற் செலுத்தி, துயரை வேறொரு திசையிற் காட்டுகிறார் என்பதே நமது கருத்து. செய்லரின் தலையை மண்டையோட்டிலிருந்து மீளுருவாக்கும் பணி ஆனந்த என்னும் சிற்பியிடம் ஒப்படைக்கப்படுகின்றது. அவன் புத்தர் சிலைகளுக்குக் கண் திறக்கும் மரபில் வந்தவன். சைவ மரபின் நயனோன்மீலனத்தை அறிந்த நமக்கு அச்சடங்கின் பொருள் புதிதன்று. அவன் வனைந்த முகத்தில் ஆழ்ந்த அமைதி நிலவுகின்றது. அவ்வமைதியை எலும்பு தந்திருக்க முடியாது. காணாமற் போன தன் மனைவி சிரிசாவுக்கு அவன் வேண்டிய அமைதி அது. அறிவியற் சான்றாக வேண்டப்பட்ட பொருள் ஒப்பாரியாக மாறிவிடுகின்றது. சிரிசா காணாமற் போன காலையை ஆசிரியர் தனியே விவரிக்கிறார். பாலத்தருகே இளைஞரின் தலைகளைக் கண்டு அவள் ஓடுவதுடன் அது நின்றுவிடுகின்றது. பின்னர் நிகழ்ந்தது நமக்குச் சொல்லப்படுவதேயில்லை. செய்லரைப் பற்றிய வினாவுக்கு விடையளித்த நாவல், சிரிசாவைப் பற்றிய வினாவைத் திறந்தே விடுகின்றது.

சரத்தின் மரணமும் இவ்வாறே அமைகின்றது. அனிலையும் அவளது சான்றையும் காப்பாற்றியமைக்காகக் கொல்லப்படும் அவனை அடையாளங் காண்பவன் மருத்துவனான தம்பி காமினி. முகத்தைப் பார்க்குமுன்னரே, சிறுபராயத்துத் தழும்புகளால் அண்ணனின் உடலை அவன் அறிகிறான். அறிந்ததும், ஆற்ற இயலாத காயங்களைத் துடைத்துக் கட்டுகிறான். அடையாளங் காண்டல் என்பது நாவல் முழுவதும் ஆய்வுகூடத்து முயற்சியாக இருக்க, இங்கே அது உறவின் செயலாகின்றது. நாவலின் உயர்ந்த பகுதி இதுவெனத் துணிந்து கூறலாம்.

எனினும் குறைகளைச் சுட்டாது விடுதல் திறனாய்வாகாது. மூன்று தரப்பினர் பொருதிய காலத்தைக் களமாகக் கொண்ட இந்நாவல், துயருறுவோராக விரிவாகப் படைத்துள்ளவர்கள் பெரும்பாலும் தென்னிலங்கையரே. கொலையுண்ட இளைஞரின் தென்னிலங்கைத் தாய்மார் 1990 இல் அன்னையர் முன்னணியாகத் திரண்டனர். யாழ்ப்பாணத்திலோ 1984 இலேயே அப்பெயரில் அன்னையர் திரண்டிருந்தனர். முன்னவரின் துயர் நாவலில் முகம் பெறுகின்றது. பின்னவரின் துயருக்கு முகமில்லை. சனாதிபதி கட்டுகலவைக் கொல்ல வெடிகுண்டைச் சுமந்துவருபவன் ஓரெழுத்தால் மட்டுமே சுட்டப்படுகிறான். எலும்புக்கூட்டுக்கும் பெயர் தேடிய நாவலில் இது சிறு குறையன்று.

முடிவும் விவாதத்துக்குரியது. ஆனந்த புதிய சிலைக்குக் கண் திறக்கும் காட்சி அழகியது. அவன் உள்ளே அணிந்திருப்பது சரத்தின் சட்டை என்பதும் உருக்கமானது. ஆனால் அனில் அதற்கு முன்னரே கதையிலிருந்து மறைந்துவிடுகிறாள். அவளது அறிக்கை என்னவாயிற்று என்பது தெரியவில்லை. நீதி நின்ற இடத்தில் கலை அமர்த்தப்படுகின்றது. இது சிற்பிக்கு ஆறுதலாகலாம்; ருவான் குமாரவின் வீட்டாருக்கு ஆகுமா?

இவ்வினா புனைகதையுடன் முடிவதன்று. 2018 இல் மன்னார் நகரில், சதொச கட்டடத்துக்கு நிலம் அகழ்ந்தபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. முந்நூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2019 இல் அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் காபன் பரிசோதனை, அனுப்பப்பட்ட மாதிரிகள் 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்டவை என்றது. உறவுகளைத் தேடிக் காத்திருந்தோர் அம்முடிவை ஏற்கவில்லை. நாவலில் பழைய எலும்புகளிடையே புதியது கிடைத்தது. மன்னாரிலோ புதியனவாக இருக்கலாம் என எதிர்பார்க்கப்பட்டவை பழையன எனப்பட்டன. முடிவு சரியோ பிழையோ, காத்திருப்பு அதனால் முடியவில்லை.

காணாமலாக்கப்பட்டவரின் வீட்டில் அந்தியேட்டி செய்வதா, விடுவதா? பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா? அடுத்து என்ன நிகழும் என்னும் பதற்றம் மர்ம நாவலாசிரியருக்கு ஓர் உத்தி. இவர்களுக்கோ அது துயரின் வடிவமே. ஒண்டாச்சி இதனைச் சிரிசாவின் பகுதியில் உணர்ந்து எழுதியிருக்கிறார். இறுதிக் காட்சியில் அதனை விட்டு விலகியிருக்கிறார். விலகாது நின்று, வடக்கின் வீடுகளையும் தெற்கின் வீடுகளையும் ஒருங்கே நோக்கும் நாவல் நமக்கு வேண்டும். அதனை எழுதப் புகுவோர் முதலிற் பயிலவேண்டிய நூல்களுள் இதுவும் ஒன்றாகும்.