வில்லி லோமனின் பொய்கள்

ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் மேடையேறியது. அதன் நாயகன் வில்லி லோமனை, ஈவிரக்கமற்ற வணிக உலகம் பலிகொண்ட அப்பாவி என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அதில் உண்மை உண்டு. ஆனால் அது அவனை அளவுக்கு மீறி நல்லவனாக்கிவிடுகிறது. வில்லி பொய் சொல்கிறான். பள்ளியிலிருந்து மகன் பந்தைத் திருடி வந்தால் சிரித்து மெச்சுகிறான். பாஸ்டனில் இன்னொருத்திக்குப் புதுக் காலுறைகள் கொடுத்தவன், வீட்டில் மனைவி லிண்டா பழைய காலுறையைத் தைக்கக் கண்டால் எரிந்து விழுகிறான். இந்தக் குறைகளைக் கழித்துவிட்டுச் சமூகத்தை மட்டும் கூண்டில் ஏற்றினால் நாடகத்தின் உயிர்நாடியே போய்விடும். அந்தச் சமூகத்தின் நோய் தெரிவதே இந்தக் குறைகளின் வழியாகத்தான்.

வில்லியின் முதலாளி ஹோவர்டின் அலுவலகக் காட்சியைப் பாருங்கள். 63 வயது வில்லி, ஊர் ஊராகக் கார் ஓட்ட உடம்பில் தெம்பில்லாமல், நியூயார்க்கிலேயே ஒரு வேலை கேட்டு வந்திருக்கிறான். வில்லியின் மகன் வயதுள்ள அந்த முதலாளியோ புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் பிள்ளைகளின் குரலைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறான். விலை 150 டாலர். தவணை கட்டவே திண்டாடும் வில்லி, தானும் ஒன்று வாங்கப்போவதாகச் சொல்கிறான். பிறகு வாரம் 65 டாலர் கேட்கிறான், 50 என்கிறான், 40-க்கும் இறங்குகிறான்; கடைசியில் இருந்த வேலையும் போகிறது. கருவி வாங்குவேன் என்ற அந்தச் சின்னப் பொய் தற்செயலாக வந்ததல்ல. பணம் இல்லை என்று ஒப்புக்கொண்டால் தான் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும் என்று நம்புகிறவன் வேறென்ன சொல்வான்? அண்டைவீட்டு சார்லியிடம் வாரம் 50 டாலர் கடன் வாங்கி, சம்பளம் என்று மனைவியிடம் நீட்டுவதும் இதே பயத்தால்தான்.

சமூகத்தின் நோய்தான் காரணம் என்றால் சார்லி எப்படிப் பிழைத்தான், அவன் மகன் பெர்னார்ட் எப்படி உச்ச நீதிமன்றத்தில் வாதாடப் போனான் என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. சார்லி தர முன்வந்த வேலையை வறட்டுக் கௌரவத்தால் மறுத்தது வில்லிதான். அந்தப் பொறுப்பை அவனிடமிருந்து யாரும் இறக்கி வைக்க முடியாது. ஆனால் நாலு பேருக்குப் பிடித்தவனாக இருந்தால் போதும், செல்வம் தானே வரும் என்ற மந்திரம் வில்லி இயற்றியதல்ல. அதைச் சார்லி நம்பவில்லை, தப்பினான். நம்பியவனுக்கோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த நிறுவனத்தில் எந்தப் பிடிப்பும் இல்லை. அவனுக்கு மிஞ்சியது ஓர் அண்டைவீட்டுக்காரரின் நல்ல மனசு மட்டுமே. இறந்தால் வரும் 20,000 டாலர் காப்பீட்டுக்காக அவன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, மனிதனைத் தொகையாக மதிப்பிடும் அந்தக் கணக்கைத் தனக்கே போட்டுப் பார்த்துவிடுகிறான்.

மில்லரிடம் எனக்குள்ள குறை லிண்டா. கடனும் தவணையும் அவளுக்கு அத்துப்படி; சம்பளப் பொய்யும் தெரியும். தற்கொலைக்கென்று கணவன் ஒளித்துவைத்த ரப்பர் குழாயைக்கூட, அவனுக்கு அவமானமாகிவிடக் கூடாதே என்று, அவன் வீடு திரும்பும்போது பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறாள். வில்லியின் பொய் இத்தனை காலம் நின்றது அவள் தாங்கியதால்தான். அவன் கனவின் வேரைத் தேடி அண்ணன் பென் வரைக்கும் போகும் நாடகம், இவளுக்கென்று ஒரு கனவு இருந்ததா என்று ஒரு காட்சியில்கூடக் கேட்கவில்லை.