காந்தவூசியும் கனகசபையும்

சைவத்தின் பெருமையை விஞ்ஞானத்தால் நிலைநாட்டப் புகுந்தேம் என்பார் சிலர் இந்நாளில் வெளியிடும் சிறு பிரசுரங்களும், கைப்பேசி வாயிலாகப் பரப்பும் செய்திகளும் அன்பர் பலரால் ஆராயாது கொள்ளப்படுகின்றன. அவற்றுள் தலையாயது தில்லையைப் பற்றியது. கூத்தப்பெருமானது திருவடிப் பெருவிரல் உலகக் காந்த நடுக்கோட்டின் மையப்புள்ளியில் அமைந்துள்ளதென்றும், மேனாட்டறிஞர் எட்டாண்டுகள் ஆராய்ந்து இதனைக் கண்டனரென்றும் அது கூறும். அவ்வறிஞர் யாவர், எக்கருவி கொண்டு அளந்தனர், எந்நூலில் வெளியிட்டனர் என்பனவற்றுள் ஒன்றேனும் கூறுவதில்லை.

காந்த நடுக்கோடு என்பது யாதோவெனின், தடையின்றித் தொங்கும் காந்தவூசி ஒருபுறமுஞ் சாயாது கிடையாய் நிற்கும் இடங்களையெல்லாம் இணைத்து, நிலவுலகைச் சுற்றி வரையப்படுங் கோடு. சுற்றிவருங் கோட்டிற்கு நடுப்புள்ளி என்பதொன்றில்லை. ஆதலின் இவர் காட்டும் மையம் முயற்கோடேயாம். அக்கோடு இந்திய நாட்டில் தென்முனையை அடுத்துச் செல்வது. அதுபற்றியே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னுங் கடற்கரையூரைத் தேர்ந்து, 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் ஆராய்ச்சி இராக்கெட்டை ஏவினர். தில்லையோ அதற்கு வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ளது. தென்னமெரிக்காவில் அக்கோடு தெற்கே வளைந்து பெரு நாட்டினூடு செல்லும். ஆங்கு உவாங்காயோ என்னுமிடத்தில் 1922-ல் காந்த ஆராய்ச்சி நிலையம் அமைத்தனர். அக்கோட்டை அடுத்திருத்தலே தலச்சிறப்பிற்குக் காரணமாயின், தில்லையினும் உவாங்காயோ சிறந்ததென்றல் வேண்டும்!

இன்னும், நிலவுலகின் காந்தநிலை என்றும் ஒருபடித்தாய் நிற்பதன்று. இலண்டன் மாநகர்ப் புறத்தே ஊசியின் திசை ஆண்டுதோறும் மாறிவருதலை ஹென்றி கெல்லிபிராண்டு என்பார் 1635-லேயே எழுதி வெளியிட்டார். காந்த நடுக்கோடும் அவ்வாறே சிறிது சிறிதாய் இடம்பெயரும். பெயருங் கோட்டினைப் பெயராப் பொருளுக்குச் சான்றாக்கினார் துணிவு வியக்கத்தக்கது.

இது வெறும் கணக்குப் பிழையாயின் விட்டொழியலாம். சித்தாந்தத்தின் அடிநிலையையே இது பெயர்க்கின்றது. அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் முப்பொருளை ஆராயுமுன் அளவையை வைத்தார். காண்டல், கருதல், உரை என மூன்று கொண்டு, ஐயமும் திரிவும் நீக்கிக் காண்டல் வேண்டுமென்றும் வரையறுத்தார். கருதலளவைக்கு ஏதுவும் அதனாற் சாதிக்கப்படும் பொருளும் விட்டு நீங்கா இயைபுடையனவாதல் வேண்டும். புகை எரியின்றி நில்லாது. ஆகலின் புகைகண்டு எரியுண்மை துணிகின்றோம். ஊசி கிடையாய் நிற்றற்கும் இறைவன் ஆண்டு ஆடல் புரிதற்கும் உள்ள இயைபு யாது? ஒன்றுமின்று. இதனை ஏதுப்போலி என்று அளவை நூல் கற்கும் இளமாணாக்கனும் கூறுவன். இவர்களோ 'காந்தம்', 'அதிர்வு', 'ஆற்றல்' என்னும் பௌதிக நூற் சொற்களை அவற்றின் பொருளினின்றும் பிரித்தெடுத்து, மந்திரம்போல் உருவேற்றுகின்றனர். அளத்தற்கு ஓர் அலகும் இல்லாதவழி ஆற்றல் என்பது அந்நூலார்க்கு வெற்றொலியே.

மற்று, சிவஞானபோதத்தின் ஆறாஞ் சூத்திரம் துணிவது யாது? சுட்டியறியப்படுவது அசத்து, ஒருவாற்றானும் அறியப்படாதது சூனியம், சிவம் இவ்விரண்டுமன்று என்பதன்றோ? ஊசிக்கு அகப்பட்டு நிற்பது சுட்டியறியப்படுஞ் சடப்பொருள். பெருமை கூறுவாராய்ப் புகுந்தவர் பதியைப் பாசத்துட் படுத்து முடித்தனர். புறச்சமயத்தார் பழித்துரைத்த காலத்தும் இத்துணை இழுக்கு நேர்ந்ததின்று. பௌதிகம் பயின்ற இளைஞனொருவன் இதன் பொய்ம்மையைக் கல்லூரிக் கருவியாற் கண்டபின், திருமுறையையும் இதனோடு சேர்த்து எறிந்துவிடின் அப்பழி யாரைச் சாரும்?

ஜெனீவாவை அடுத்த 'செர்ன்' என்னும் அணுவாராய்ச்சி நிலையத்தில் நிற்குங் கூத்தப்பெருமான் திருவுருவமும் இவர்க்கு ஒரு சான்று. 2 மீட்டர் உயரமுள்ள அவ்வுருவம் இந்திய அரசு வழங்கிய நன்கொடை; 2004 ஜூன் 18-ல் திறந்துவைக்கப்பட்டது. அணுக்களின் இயக்கத்தை ஆனந்தத் தாண்டவத்தோடு ஒப்பிட்டு 1975-ல் நூல் எழுதியவர் பிரிட்ஜாப் காப்ரா. அது நயமிக்க உவமை; அவ்வளவே. முகம் மதியை ஒக்கும் என்றான் ஒருவன் கூற்றைக்கொண்டு முகத்திற் களங்கந் தேடுவாருளரோ?

பஞ்சபூதத் தலங்கள் ஒரே நேர்கோட்டில் உள்ளன என்னும் கூற்றும் இவ்வினத்ததே. தில்லையும் காஞ்சியும் காளத்தியும் கீழ்த்திசை நெடுங்கோடு 79 பாகை 41 கலையை ஒட்டியிருத்தல் உண்மை. காண்பார் மகிழ்தலும் இயல்பே. ஆயின் திருவண்ணாமலை 79 பாகை 4 கலையளவிலும், திருவானைக்கா 78 பாகை 42 கலையளவிலும் உள்ளன. ஆனைக்கா அக்கோட்டினின்றும் மேற்கே 100 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்கின்றது. தலக்கணக்கு ஐந்தாயிருக்கக் கோட்டுக்கணக்கில் மூன்றே எஞ்சுதல் கண்டு, பிரசுரகாரர் ஏனைய இரண்டன் பாகையை அச்சிடாமலே விடுத்தனர். தீயாய் ஓங்கிய அண்ணாமலையாரும், வெண்ணாவல் நீழலில் நீராய் நின்ற பெருமானும் இவர்தங் கோட்டிற்கு வாராமையின் தலவரிசையினின்றும் தள்ளப்பட்டனர் போலும்.